ஓடுகிற வரை ஓடட்டும் என்போருக்கு

மார்த்தாண்டத்திலும் குழித்துறையிலும் உள்ள டி.டி.பி. நிலையங்கள் சிலவற்றில் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி ஓடிக்கொண்டிருக்கிறது. 2001 அக்டோபரில் வெளிவந்து, 2014 ஏப்ரல் 8 அன்று மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்ட இயங்குதளம் அது. ஏன் மாற்றவில்லை என்று வினவினால், ‘ஓடுற வரைக்கும் ஓடட்டும் சார்’ என்ற ஒரே விடைதான் கிடைக்கும். கல்யாண அழைப்பிதழும் கோயில் கொடை நோட்டீசும் மட்டும் அக்கணினிகளில் இருந்திருந்தால் நாங்கள் இதை எழுதப் புகுந்திருக்க மாட்டோம். எங்கள் பக்கத்துச் சிற்றிதழ்களும் கவிதைத் தொகுதிகளும் ஆய்வேடுகளும் பேஜ்மேக்கர் கோப்புகளாக அவற்றினுள்தான் உறைந்து கிடக்கின்றன.

எதிர்த்தரப்பினரும் உண்டு. நிறுவனம் மணியடித்தவுடன் வரிசையில் நிற்பவர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தபோது, நன்றாக இயங்கிய கணினியை எடைக்குப் போட்டுவிட்டுப் புதியது வாங்க ஓடியவர்கள். விண்டோஸ் 11 கேட்பதோ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறைக்குப் பிந்தைய செயலியையும். அதாவது 2017-க்கு முந்தைய கணினிகளில் பெரும்பாலானவை தீண்டத்தகாதவை ஆகிவிட்டன. 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் முதற்கட்டக் கணினிகளுக்கு அங்கே இடமே இல்லை. அதே நிறுவனம் தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு நீட்டிப்பையும் அறிவித்தது. நீட்டிக்கக்கூடிய தேதி வணிகத்தின் தேதியேயன்றி இயற்கையின் தேதியன்று.

அதற்காக அத்தேதியைப் புறங்கையால் தள்ளிவிடவும் இயலாது. 2017 மே மாதம் வான்னகிரை என்னும் பணயத் தீநிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டியது. அது நுழைந்த ஓட்டைக்கான ஒட்டு, இரண்டு மாதம் முன்னரே மார்ச்சில் வெளிவந்திருந்தது. பலியானவற்றுள் பெரும்பாலானவை அந்த ஒட்டைப் போடாத விண்டோஸ் 7 கணினிகள். கைவிட்ட எக்ஸ்பிக்கும் அவசர ஒட்டு ஒன்றை மைக்ரோசாஃப்ட் அப்போது வெளியிட நேர்ந்தது. ஆதரவற்ற இயங்குதளத்தை இணையத்தோடு இணைத்து வைத்திருப்பவர் சிக்கனக்காரர் அல்லர், சூதாடி.

ஆனால் இலக்கிய வாசகர்களாகிய எங்களுக்கு இயந்திரத்தைவிடப் பிரதியே முக்கியம். ஒருங்குறியில் தமிழ் 1991-இலேயே இடம்பெற்றுவிட்டது. விண்டோஸ் 2000-இலேயே அதைப் படிக்கவும் எழுதவும் வழியிருந்தது. அச்சுத்துறையோ தன் பழைய எழுத்துருக்களை விட்டு அசையவில்லை. அவற்றில் தமிழ் எழுத்து ஆங்கில எழுத்தின் இருக்கையில் மாறுவேடத்தில் அமர்ந்திருக்கும். எழுத்துரு காணாமற்போனால் வேடம் கலைந்து, அகவற்பா ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரியும். ‘கொ’ என்பது அங்கே கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டு, கண்ணுக்குத் தெரியும் வரிசையில். ஒருங்குறியிலோ மெய்க்குப் பின்னரே உயிர்க்குறி. ஆகவே மாற்றி ஒவ்வொன்றும் துண்டுகளைப் பொறுக்கி வரிசை திருத்தவும் வேண்டும். எழுத்துருதோறும் அட்டவணை வேறு. அரசு 1999-இல் டாம், டாப் என்று தரப்படுத்திய பின்னரும் தத்தம் அட்டவணையைக் கைவிடாத நிறுவனங்கள் உண்டு. சுரதாவின் பொங்குதமிழ், என்.எச்.எம். மாற்றி போன்றவை இலவசமாகவே கிடைத்தன. பயன்படுத்தியோர் வலைப்பதிவர்கள், அச்சகத்தார் அல்லர்.

இங்கேதான் ‘எப்போது மாறுவது’ என்ற கேள்விக்கு விடை இருக்கிறது. பழைய கணினி நலமாக இருக்கும்போதே மாற வேண்டும். கோப்பைத் திறக்கப் பழைய பேஜ்மேக்கர் வேண்டும், அதே எழுத்துரு வேண்டும், சில எழுத்துரு மென்பொருள்களுக்குக் கணினியின் பின்புறம் செருகும் வன்பூட்டும் வேண்டும். அப்பூட்டு பழைய அச்சுப்பொறித் துளைக்கானது என்றால் புதிய கணினியில் செருக இடமே இராது. இவையனைத்தும் ஒருசேர உயிரோடு இருப்பது அந்த ஒரே பெட்டிக்குள்தான். ‘ஓடுகிற வரை’ காத்திருப்பவர், மாறுவதற்கான ஒரே கருவியும் மடியும்வரை காத்திருக்கிறார். இரு பருவமழையும் பெய்யும் எங்கள் மண்ணின் ஈரத்தில் தாய்ப்பலகைகள் நெடுநாள் நோன்பிருப்பதில்லை.

எழுத்தாளர்களும் இதழாசிரியர்களும் இதில் நிரபராதிகள் அல்லர். முன்னுரைக்காக ஆறு மாதம் காத்திருப்பவர், அச்சான பின் தம் நூலின் கோப்பைக் கேட்டு வாங்க அரைமணி செலவிடுவதில்லை. மறுபதிப்பு வரும்போது எல்லாவற்றையும் புதிதாகத் தட்டச்சு செய்யச் சொல்லி, புதிய பிழைகளோடு ‘திருத்திய பதிப்பு’ என்று போட்டுக்கொள்கிறார். ‘பக்க வடிவமைப்பில் ஒருங்குறி உடைகிறது’ என்ற பழைய சமாதானமும் செல்லாது. அரசே 2010-இல் ஒருங்குறியை ஏற்றுவிட்டது. 2012-இல் வந்த இன்டிசைன் சி.எஸ். 6 தமிழைக் கோக்கக் கற்றுக்கொண்டுவிட்டது.

மலையாளமும் வாசிக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு சான்று. மலையாளத்தின் சில்லெழுத்துகளுக்குத் தனிக்குறியீடு 2008-இல் ஒருங்குறி 5.1-இல்தான் வந்தது. எக்ஸ்பியோடு வந்த எழுத்துருவில் அவை இல்லாததால், சொல்லின் முடிவில் கட்டம்தான் நிற்கும். ‘ஓடுகிற’ கணினி அண்டை மொழியைப் பாதி விழுங்கியே காட்டுகிறது.

புதியது வாங்கப் பணமில்லை என்பாரை நாங்கள் பழிக்கவில்லை. பழைய பெட்டிக்கு லினக்ஸ் போதும். சென்னை சி-டாக்கின் பாஸ் லினக்ஸ் தொடங்கி எடையற்ற பதிப்புகள் பல உண்டு. எக்ஸ்பியை வைத்துக்கொண்டே தீருவேன் என்பவர் முதலில் இணைய வடத்தைப் பிடுங்கிவிட்டு வைத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு நூலையும் பி.டி.எஃப். ஆக ஒருமுறை, ஒருங்குறி உரையாக ஒருமுறை வெளியே எடுத்து, மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை பார்த்து, இரண்டு வன்தட்டுகளில் வைத்த பிறகு அப்பெட்டியை என்ன செய்தாலும் எங்களுக்குக் கவலையில்லை. அதை இடவப்பாதி மழைக்கு முன்பாகச் செய்யுங்கள்.