கணவருக்கு ஒரகடத்தில் வேலை... நர்ஸ் மனைவிக்கு? மானாம்பதியில் தொடங்கும் ஒரு கணக்கு

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை. ஐசியு-வில் நான்கு வருடம் வேலை பார்த்த ஒரு நர்ஸ். திருமணம் முடிகிறது. கணவருக்கு ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. அவர் வீடு உத்திரமேரூர் வட்டத்தில் இருக்கும் மானாம்பதி. பெட்டி படுக்கையோடு அந்த நர்ஸும் கிளம்பி வருகிறார். கணவர் மறுநாள் காலை கம்பெனி பஸ் ஏறிவிடுவார். மனைவி?

இது ஒருவருடைய கதை இல்லை, ஒரு உதாரணம். ஆனால் காஞ்சிபுரம் மாவட்டத்தில் எந்த கிராமத்திலும் இப்படி ஒரு வீட்டைக் காட்டிவிட முடியும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், பக்கத்து மாவட்டத்தில் செய்யாறு சிப்காட் என்று மூன்று பக்கமும் தொழிற்சாலைகள் ஆட்களை இழுக்கின்றன. அவர்களோடு சேர்ந்து வரும் மனைவிகளின் படிப்பு என்ன, அனுபவம் என்ன என்று யாரும் கேட்பதில்லை.

மத்திய அரசின் 2020-21 புலம்பெயர்வு ஆய்வறிக்கைப்படி, நாட்டில் பெண்களில் 47.9 சதவீதம் பேர் ஊர் மாறி வந்தவர்கள். அவர்களில் 86.8 சதவீதம் பேர் சொன்ன காரணம் திருமணம். குடும்பத்தில் சம்பாதிப்பவரோடு கிளம்பி வந்தவர்கள் இன்னொரு 7.3 சதவீதம். அதாவது பெண்கள் ஊர் மாறுவது இந்தியாவில் ரொம்ப சாதாரணம். ஆனால் வேலைவாய்ப்பு விதிகள் எதுவும் அதை மனதில் வைத்து எழுதப்படவில்லை. நர்ஸிங் துறையில் இது இன்னும் பளிச்சென்று தெரிகிறது. ஏனென்றால் இது பெண்கள் பெரும்பான்மையாக இருக்கும் துறை. எந்த ஊருக்குப் போனாலும் வேலை இருக்கும் என்று சொல்லித்தான் பெற்றோர் கடன் வாங்கிப் படிக்க வைக்கிறார்கள்.

எந்த ஊரிலும் வேலை இருக்கும் என்பது பொய் இல்லை. ஆனால் பழைய ஊரில் சேர்த்து வைத்தது புது ஊருக்குக் கூட வராது.

பதிவு எண் கூட வரும், அனுபவம் வராது

தமிழ்நாட்டுக்குள் மாறினால் பதிவில் சிக்கல் இல்லை. 1926-ம் ஆண்டு சட்டப்படி இயங்கும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலின் பதிவு மாநிலம் முழுக்கச் செல்லும். மதுரையில் வாங்கிய எண் மானாம்பதியிலும் அதே எண்தான்.

கேரளாவிலோ ஆந்திராவிலோ படித்துப் பதிவு செய்தவர் என்றால் கதை வேறு. பழைய மாநில கவுன்சிலிடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், அங்கிருந்து சரிபார்ப்பு வர வேண்டும், பிறகுதான் இங்கே பதிவு. இரண்டு அலுவலகங்களும் பேசிக்கொள்ளும் வரை அந்த நர்ஸ் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இதைச் சரிசெய்யத்தான் நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு என்ற ஏற்பாட்டோடு தேசிய செவிலியர் மற்றும் தாதியர் ஆணையச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. 1947-ம் ஆண்டின் இந்திய செவிலியர் கவுன்சில் சட்டத்துக்கு மாற்று இது.

ஆஸ்திரேலியா இதை 2010-லேயே முடித்துவிட்டது. அங்கே ஒரே தேசியப் பதிவு. அமெரிக்காவில் 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஒருவருக்கொருவர் நர்ஸ் உரிமத்தை ஏற்கும் ஒப்பந்தத்தில் இருக்கின்றன. ராணுவத்தினரின் கணவன் அல்லது மனைவி மாற்றலாகிப் போகும்போது அவருடைய தொழில் உரிமமும் கூடவே செல்லும் என்று 2023 ஜனவரியில் அங்கே தனிச் சட்டமே வந்தது. துணையின் வேலைக்காக ஊர் மாறுவதை ஒரு சட்டம் பெயர் சொல்லி அங்கீகரித்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இங்கே வேறொரு சின்னத் தலைவலி உண்டு. இனிஷியல். சான்றிதழில் அப்பா பெயரின் முதல் எழுத்து இருக்கும். கல்யாணம் ஆன கையோடு ஆதாரில் கணவர் பெயருக்கு மாற்றிவிடுவார்கள். பிறகு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இரண்டு ஆவணமும் இரண்டு பேருடையது போலத் தெரியும். இனிஷியலை மாற்றியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வேலை கிடைக்கும் வரை அதைத் தொடாமல் விட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

மானாம்பதியில் இருந்து எங்கே போகலாம்?

பெரிய தனியார் மருத்துவமனைகளும் மருத்துவக் கல்லூரிகளும் காஞ்சிபுரம், மேல்மருவத்தூர், தண்டலம் பக்கம் இருக்கின்றன. மருத்துவமனையில் இடம் இருக்கிறதா என்பதை விட, நைட் டியூட்டி முடிந்தால் பஸ் இருக்கிறதா என்பதுதான் இங்கே முதல் கேள்வி. பெண்களுக்குக் கட்டணமில்லாத பயணம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மட்டும்தான். இரவு 8 மணிக்கு ஷிப்ட் முடித்துவிட்டுக் கிராமத்துக்குத் திரும்ப அந்த பஸ் கிடைக்குமா என்பதை இன்டர்வியூவுக்குப் போவதற்கு முன்பே ஒரு நாள் நேரில் பார்த்துவிடுவது நல்லது. ஹாஸ்டலில் தங்குங்கள் என்பார்கள். கணவரோடு இருக்கத்தான் ஊரே மாறி வந்தார் என்பதை மறந்துவிடுவார்கள்!

பலர் யோசிக்காத ஒரு இடம் தொழிற்சாலை. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் மருத்துவ, செவிலியர் பணியாளர்களோடு ஒரு ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும் என்பது 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்த விதி. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் 500 என்ற அந்தக் கணக்கு தொடர்கிறது. ஒரகடத்தில் கார் கம்பெனிகள், செய்யாறில் ஷூ கம்பெனிகள் என்று இந்த அளவைத் தாண்டும் ஆலைகள் சுற்றிலும் இருக்கின்றன. கணவர் ஏறும் அதே கம்பெனி பஸ்ஸில் மனைவியும் ஏற வாய்ப்பிருக்கும் வேலை இது. குறையும் உண்டு. ஐசியு-வில் வென்டிலேட்டர் பார்த்த கை, இங்கே காயத்துக்குக் கட்டுப் போடும். இரண்டு மூன்று வருடம் கழித்து மறுபடி ஐசியு-வுக்குப் போக நினைத்தால் இந்த இடைவெளியைக் காட்டிச் சம்பளத்தைக் குறைப்பார்கள்.

108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளர் பணிக்கும் நர்ஸிங் படித்தவர்களை எடுக்கிறார்கள். 12 மணி நேர ஷிப்ட். குழந்தை வந்த பிறகு இதைத் தொடர்வது கஷ்டம்.

அரசு வேலை: இரண்டு கதவு

ஒன்று, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்.ஆர்.பி. 2012-ல் தொடங்கியது. 2015-ல் இதன் தேர்வு எழுதி வந்த நர்ஸ்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்பதுதான் எதிர்பார்ப்பு. அது நடக்காததால் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் திரண்டு போராடினார்கள். காலியிடம் வர வர, சீனியாரிட்டி வரிசையில்தான் நிரந்தரம். அதனால் இந்த வரிசையில் நிற்கும் ஒருவர் கணவரின் வேலைக்காக ராஜினாமா செய்தால், காத்திருந்த ஆண்டுகள் மொத்தமும் போய்விடும். இன்னொரு மாவட்டத்துக்கு மாறுதல் கேட்கலாம், ஆனால் காலியிடம் இருக்க வேண்டும்.

கணவன் மனைவியை ஒரே ஊரில் வைக்க விதி இருக்கிறதே என்று கேட்கலாம். மத்திய அரசு 1986-லும் 2009-லும் அப்படி அறிவுறுத்தல்கள் வெளியிட்டது உண்மை. ஆனால் அவை இருவரும் அரசு அல்லது பொதுத்துறைப் பணியில் இருப்பதை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கணவர் தனியார் கம்பெனியில் இருந்தால் அந்தக் காகிதம் பெரிதாக உதவாது.

இரண்டாவது கதவு, மாவட்ட நலவாழ்வுச் சங்கம். தேசிய சுகாதார இயக்கத்தின் பணத்தில் மாவட்ட அளவில் ஒப்பந்த அடிப்படையில் ஆள் எடுப்பது இதன் வழியாகத்தான். ஆரம்ப சுகாதார நிலையம், மக்களைத் தேடி மருத்துவம், துணை சுகாதார நிலையங்களில் இடைநிலை சுகாதாரப் பணியாளர் என்று பல பணிகள். 2021 கடைசியில் மட்டும் மாநிலம் முழுக்க 4,848 இடைநிலை சுகாதாரப் பணியாளர் இடங்களுக்கு அறிவிப்பு வந்தது.

ஊர் மாறி வந்தவருக்கு இந்த வழிதான் நெருக்கம். அறிவிப்பு மாவட்ட இணையதளத்தில் வரும், விண்ணப்பிக்கக் கிடைக்கும் நாட்களும் குறைவு. மானாம்பதிக்காரர்கள் காஞ்சிபுரம் இணையதளத்தை மட்டும் பார்த்தால் போதாது. எல்லை தாண்டினால் வந்தவாசி, அது திருவண்ணாமலை மாவட்டம். செய்யாறு தனி சுகாதார மாவட்டம். மேற்கே ஒரு அறிவிப்பு, கிழக்கே செங்கல்பட்டில் ஒரு அறிவிப்பு என்று மூன்று இடத்தையும் பார்க்க வேண்டும்.

ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு போக வேண்டும். இது 11 மாத ஒப்பந்தம். நிரந்தரம் கேட்க மாட்டேன் என்று எழுதி வாங்குவார்கள். கொரோனா காலத்தில் எடுக்கப்பட்ட 2,400-க்கும் மேற்பட்ட நர்ஸ்களின் பணி 2022 டிசம்பர் 31-ம் தேதியோடு முடிந்தது. போராட்டத்துக்குப் பிறகு அவர்களுக்கு முன்வைக்கப்பட்ட மாற்று, இதே மாவட்ட ஒப்பந்தப் பணிதான், 18,000 ரூபாய் சம்பளத்தில்.

தனியாரில் சம்பளம் என்ன?

2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனை அரசு நர்ஸுக்கு நிகரான சம்பளம் தர வேண்டும், 50 படுக்கைக்குக் குறைவானது என்றாலும் 20,000 ரூபாய்க்குக் கீழே போகக் கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. கேரளா 2018-ல் அரசாணை போட்டு அடிப்படைச் சம்பளத்தை 20,000 ஆக்கியது. அங்கே நர்ஸ்கள் சங்கமாகத் தெருவில் இறங்கியதால் அது நடந்தது. பரிந்துரை வந்து இத்தனை வருடம் ஆகியும், சின்ன ஊர் நர்ஸிங் ஹோம்களில் இன்டர்வியூவுக்குப் போகிறவர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஐசியு-வில் நான்கு வருடமா, சரி, ஆனால் இங்கே ஃப்ரெஷர் சம்பளம்தான் என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வருகிறார்கள்.

இதைத் தவிர்க்க, பழைய மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே ஒரு வேலை செய்யலாம். வெறுமனே 'பணிபுரிந்தார்' என்று ஒரு வரிச் சான்றிதழ் வாங்காமல், எந்த வார்டு, எத்தனை மாதம், என்ன கருவிகள் என்று எழுதி வாங்குவது. ஒரிஜினல் சான்றிதழ்களைத் தர மாட்டோம், பாண்ட் இருக்கிறது என்றால்? கல்விச் சான்றிதழ் ஒன்றும் சந்தைப் பொருள் இல்லை, அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை யாருக்கும் கிடையாது என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

பிரசவ கால விடுப்பு: இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்

புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு இதை விட முக்கியமான பணக் கணக்கு வேறு இல்லை. சட்டம் 26 வார விடுப்பும் சம்பளமும் தருகிறது. ஆனால் பிரசவ தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் *அதே நிறுவனத்தில்* 80 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். மதுரையில் பார்த்த நான்கு வருடம் இந்தக் கணக்கில் வராது. ஊர் மாறி, ஆறு மாதம் வீட்டில் இருந்து, கர்ப்பமாகி, ஏழாவது மாதத்தில் வேலை தேடினால் அந்த 80 நாள் நிறையாது.

ஈ.எஸ்.ஐ. அப்படி இல்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கான காப்பீடு இது. முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் சேர்த்து 70 நாளுக்குப் பணம் கட்டியிருந்தால் போதும். அந்த நாட்கள் ஒரே முதலாளியிடம் இருக்க வேண்டும் என்றில்லை. எண் கூடவே வரும். அதனால் புது மருத்துவமனையில் சேரும்போது எனக்கு ஏற்கெனவே ஈ.எஸ்.ஐ. எண் இருக்கிறது என்று சொல்லி அதையே தொடரச் செய்ய வேண்டும். ஹெச்.ஆர். அவசரத்தில் புது எண் போட்டுவிட்டால் பழைய நாட்கள் தனியாக நின்றுவிடும். பி.எஃப். யு.ஏ.என். எண்ணுக்கும் இதேதான்.

ஒப்பந்த நர்ஸ்களுக்கும் மகப்பேறு சலுகை உண்டா என்ற சண்டை தனியாக நடந்தது. உண்டு என்று 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. வழக்கு போட்டது எம்.ஆர்.பி. நர்ஸ்களின் சங்கம்.

மதுரையில் ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன் அந்த உதாரண நர்ஸ் இன்னொன்றையும் பார்க்கலாம்: சேர்ந்து ஐந்து வருடம் முடிய எத்தனை மாதம் பாக்கி என்று. கிராஜுவிட்டிக்குப் பொதுவாக ஐந்து வருடம் தேவை. நான்கு வருடம் ஏழு மாதத்தில் கிளம்பினால் அந்தப் பணம் கையை விட்டுப் போகலாம். அதுவரை கணவர் மட்டும் முன்னால் போய் ஒரகடத்தில் ரூம் எடுத்துத் தங்குவதில் யாருக்கும் நஷ்டமில்லை.