பாவு போட்ட நிருபமா!

காஞ்சிபுரம் நெசவாளர் தெருக்களில் காலை நேரத்தில் பாவு நீட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த இழைகள் ஒழுங்காக அமைந்தால்தான் தறியில் ஊடை ஓடும், புட்டா பூக்கும். ஆனால், கல்யாண வீட்டில் எல்லோரும் மெச்சுவது ஜரிகைக் கரையைத்தான். பாவு போட்டவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

விளையாட்டிலும் அப்படித்தான். இந்தியப் பெண்கள் டென்னிஸ் என்றதும் சானியா மிர்சா நினைவுக்கு வருவார். அவருக்கு முன்பே பாவு போட்டவர் ஒரு தமிழ்நாட்டுப் பெண்: கோயம்புத்தூரில் 1976-ல் பிறந்த நிருபமா வைத்தியநாதன்.

அப்பா வைத்தியநாதன், ரஞ்சி கிரிக்கெட் ஆடியவர். அவர்தான் முதல் பயிற்சியாளர். 5 வயதில் அண்ணனோடு மட்டையைப் பிடித்த நிருபமா, 14 வயதில் பெண்கள் பிரிவில் தேசிய சாம்பியன் ஆனார்.

1998 ஜனவரி, ஆஸ்திரேலிய ஓப்பன். முதல் சுற்றில் இத்தாலியின் குளோரியா பிட்சிகினியை வீழ்த்தினார். ஒரே ஒரு சுற்றுதானே என்று தோன்றும். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு கிராண்ட்ஸ்லாம் கதவு திறந்தது 1968-ல். அதன்பின் 30 ஆண்டுகளில் ஒற்றையர் ஆட்டத்தில் ஒரு சுற்றை வென்ற முதல் இந்தியப் பெண் இவர்தான்!

அதே ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் மகேஷ் பூபதியோடு கலப்பு இரட்டையரில் வெண்கலம். 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் மனிஷா மல்ஹோத்ராவோடு இரட்டையர் ஆட்டம்.

2005-ல் அதே மெல்பர்னில் சானியா மூன்றாவது சுற்றுவரை போனார். நாடே கொண்டாடியது.

ரஷ்யாவிலும் இதே கதை உண்டு. ஓல்கா மொரோசோவா 1974-ல் பிரெஞ்சு ஓப்பன், விம்பிள்டன் இரண்டிலும் இறுதி ஆட்டம் வரை வந்தார். இரண்டிலும் கிறிஸ் எவர்ட்டிடம் தோல்வி. சரியாக 30 ஆண்டுகள் கழித்து, 2004-ல் மிஸ்கினா பிரெஞ்சு ஓப்பனையும் ஷரபோவா விம்பிள்டனையும் வென்றார்கள். மொரோசோவா தோற்ற அதே இரண்டு கோப்பைகள்!

முதலில் போகிறவருக்குக் கோப்பை கிடைக்காமல் போகலாம். ஆனால், ‘நம்மாலும் முடியும்’ என்ற நம்பிக்கை பின்னால் வருகிறவர்களுக்குக் கிடைக்கிறது.

உங்கள் வீட்டுப் பெண்ணும் இதுவரை யாரும் போகாத ஒரு துறையைக் கேட்கலாம். ‘ஜெயிப்பாளா?’ என்று யோசிக்கும் முன், அவள் பாவு போடுகிறாள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.