கல்முனை முதல் பாணமை வரை: கமராவோடு மூன்று நாட்கள்



பள்ளி விடுமுறை வந்தால் நம்மில் வசதியுள்ளவர்கள் நுவரெலியாவுக்குப் போகிறார்கள். படம் எடுக்கும் ஆசையுள்ளவர்கள் காலிக் கோட்டைக்குப் போகிறார்கள். கல்முனையிலிருந்து தெற்கே பாணமை வரை நீளும் கரையோரப் பாதையைப் பற்றிச் சொன்னால், "அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று அந்த ஊர்க்காரர்களே கேட்பதுண்டு. அங்கே என்ன இருக்கிறது, அதை எப்படிப் படம் எடுக்கலாம், ஏன் எடுத்து வைக்க வேண்டும் என்பதையே இம்மாதம் பேசப் போகிறோம்.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை வழியாகப் பொத்துவிலுக்கு வந்து, பிறகு வடக்கே திரும்பி மட்டக்களப்புக்குப் போகிறது ஏ4 நெடுஞ்சாலை. அதன் கரையோரத் துண்டுதான் நமது பாதை. கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் இடையே சுமார் 70 கிலோமீற்றர். வேகமாகப் போனால் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஓகஸ்ட் விடுமுறையில் நாங்கள் குடும்பமாகச் சென்றபோது அதற்கு மூன்று நாட்கள் எடுத்துக்கொண்டோம். அதுவும் போதவில்லை.

மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. ஓர் ஊரில் பாங்கு கேட்கும், அடுத்த ஊரில் கோயில் மணி கேட்கும். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவே வீடுகள். இந்த அமைப்பைப் புரிந்துகொண்டால் படம் எடுப்பவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

இது கிழக்குக் கரை. சூரியன் கடலிலிருந்து எழும்புகிறது. சுபஹ் தொழுதுவிட்டு நேரே கடற்கரைக்குப் போய்விட வேண்டும். வெளிச்சம் எதிரே இருப்பதால் முதல் அரை மணி நேரம் தோணியும் ஆட்களும் கறுப்பு உருவங்களாகவே விழும். அதுவும் அழகுதான். ஏழு மணிக்குக் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றால், கரைவலை இழுப்பவர்களின் முகங்கள் அப்படியே ஒளியில் தெரியும். ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும். கமராவை மூடிவைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். அஸருக்குப் பின் வயல் பக்கம் வந்துவிடுங்கள். காரைதீவுக்கும் நிந்தவூருக்கும் இடையே பாதையின் ஓரத்தில் வயல் விரிந்து கிடக்கும். ஓகஸ்டில் சிறுபோக அறுவடைக் காலம். மாலை வெளிச்சத்தில் வைக்கோலும் தூசியும் பொன்னாகத் தெரியும்.

மருதமுனையில் கைத்தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஒழுங்கைகளில் நடந்தோம். சாரனும் சாரியும் நெய்து நாடெங்கும் பேர் வாங்கிய ஊர் அது. தறிக்குள்ளே இருட்டு, ஜன்னலில் மட்டும் வெளிச்சம். இந்த மாதிரி இடத்தில் பிளாஷ் போட்டால் எல்லாம் கெட்டுவிடும். ஜன்னலோரத்துத் தறியாகப் பார்த்துக் கேட்டு எடுக்க வேண்டும்.

கேட்டு எடுப்பது என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். நம்முடைய ஊர்களில் வீட்டு வாசல் என்பது வீட்டின் ஒரு பகுதி. பெண்கள் இருக்கும் பக்கம் கமராவைத் திருப்புவதற்கு முன் என் மனைவிதான் போய், "ராத்தா, தறியைப் படம் எடுக்கலாமா?" என்று கேட்பார். வேண்டாமென்றால் விட்டுவிடுவோம். கேட்ட வீடுகளில் பெரும்பாலும் தேநீரும் கிடைத்தது, படமும் கிடைத்தது. பாதுகாப்புப் படை முகாம்கள், சோதனைச் சாவடிகள் பக்கம் கமராவைத் திருப்பவே வேண்டாம்.

சாய்ந்தமருதுக் கடற்கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு காக்காவைப் படம் எடுத்தேன். எடுத்ததைக் காட்டியதும் நெடுநேரம் பார்த்தார். "தம்பி, இதக் கழுவி எனக்கும் ஒன்று அனுப்புவீங்களா? வாப்பாட படம் ஒன்றும் எங்களிட்ட இல்ல. எல்லாம் கடலோட போயிற்று. என்ட புள்ளைகளுக்காவது ஒன்று இருக்கட்டும்" என்றார்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிறு காலையில் வந்த சுனாமி இலங்கையில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அவர்களில் 10,000க்கும் அதிகமானோர் அம்பாறை மாவட்டத்தவர். வேறு எந்த மாவட்டத்திலும் அத்தனை இழப்பு இல்லை. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு ஆகிய ஊர்களில் கடலோரத்து நெருக்கமான குடியிருப்புகள் சில நிமிடங்களில் இல்லாமற் போயின. கல்முனை வைத்தியசாலையில் சேர்க்கப்பட்ட 81ஆவது ஆள் என்பதால் 'பேபி 81' என்று உலகம் அழைத்த குழந்தையை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தங்கள் பிள்ளைதான் என்று காட்ட அதன் பெற்றோர் 2005இல் மரபணுச் சோதனை வரை போக வேண்டியிருந்தது.

உயிர்களோடு ஒப்பிட்டால் புகைப்பட அல்பம் பெரிய பொருளல்ல. ஆனாலும் உம்மாவின் முகம், கல்யாண வீட்டுப் பந்தல், கிணற்றடி, பழைய பள்ளிவாசல் முற்றம் எல்லாம் அந்த அல்பங்களில்தான் இருந்தன. வெளியூரில் இருந்த உறவினரிடம் ஒரு பிரதி இருந்தவர்களுக்கு அதுவாவது மிஞ்சியது. பிறகு கரையோரத்தில் வீடு கட்டக்கூடாதென்று அரசு எல்லை போட்டது. கிழக்கில் முதலில் 200 மீற்றர் என்றார்கள், பின்னர் தளர்த்தினார்கள். இன்றும் பல இடங்களில் வீடிருந்த மனைகள் வெறும் மணலாகக் கிடக்கின்றன. அங்கே தெருக்கள் இருந்தன என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்புவது கடினம்.

அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்து, தமிழரும் முஸ்லிம்களும் வாழும் முறையை ஆராய்ந்தார். அவர் எடுத்த படங்கள் அவருடைய நூல்களில் இருக்கின்றன. எங்கிருந்தோ வந்தவர் நம்முடைய சாதாரண நாட்களைப் படமாக்கத் தகுந்தவை என்று கண்டார். நாமோ பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் கமராவை எடுத்தோம்.

கரை மாறுவது சுனாமியோடு நின்றுவிடவில்லை. ஒலுவிலுக்குப் போய்ப் பாருங்கள். 1995இல் உருவான தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. 1999இல் கட்டிய வெளிச்சவீடு கடலைப் பார்த்து நிற்கிறது. மர்ஹூம் எம்.எச்.எம்.அஷ்ரப் அவர்கள் கனவு கண்ட துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. இந்தக் கரையில் நீரோட்டம் மணலைப் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகிறது. துறைமுகத்துக்காகக் கடலுக்குள் போட்ட கல்லணைகள் அந்த மணலை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்தது, துறைமுக வாயும் மணலால் அடைபட்டது. மணல் கிடைக்காத வடபக்கத்தைக் கடல் அரித்தது. தென்னந்தோப்புகள் சரிந்தன. ஒலுவிலிலிருந்து நிந்தவூர் வரை கடலரிப்புதான் பேச்சு. மாளிகைக்காட்டில் மையவாடியின் சுவரையே அலை தின்றிருக்கிறது.

இங்கேதான் நம்மைப் போன்ற பொழுதுபோக்குப் படக்காரரும் ஒரு காரியம் செய்ய முடியும். வெளிச்சவீடு, பள்ளிவாசல் மினாரா, ஒரு கிணறு என்று அசையாத ஒன்றைப் படத்துக்குள் வைத்துக் கடலையும் சேர்த்து எடுங்கள். அடுத்த வருடமும் அதே இடத்தில் நின்று அதே மாதத்தில் எடுங்கள். "முன்பு கடல் தூரத்தில் இருந்தது" என்று வாயால் சொன்னால் அதிகாரிகள் கேட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். பத்து வருடப் படங்களைத் திகதியோடு மேசையில் பரப்பினால் அது சாட்சியாகிவிடும்.

அக்கரைப்பற்றில் தயிர் முட்டியொன்று வாங்கிக்கொண்டு தெற்கே போனால் தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி. அதற்குப் பிறகு வீடுகள் குறையும், காடு நெருங்கும். மாலையில் யானை பாதைக்கு வரலாம்; இருட்டுமுன் பொத்துவிலை அடைந்துவிடுவது நல்லது. சுனாமி உடைத்த அறுகம்பைப் பாலத்துக்குப் பதிலாக அமெரிக்க உதவியோடு கட்டிய பாலம் 2008இல் திறக்கப்பட்டது. அதன் மேலிருந்து களப்பையும் தோணிகளையும் எடுக்கலாம். ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை அலைச்சறுக்குக்காக உலகெங்குமிருந்து ஆட்கள் வருவதால், அந்தப் படங்கள் ஏராளமாக வந்துவிட்டன. நான் அதிகம் எடுக்கவில்லை. பாணமையை அடைந்ததும் குளக்கரையில் சற்று இருந்துவிட்டுத் திரும்பினோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் எடுக்கிறோம், போன் உடைந்தால் எல்லாம் போய்விடுகிறது. ஒரு பயணத்தில் பத்துப் படங்களையாவது கழுவி எடுங்கள். பின்பக்கம் ஊர், திகதி, இருப்பவர் பெயர் எழுதுங்கள். ஒரு பிரதியை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். யாரிடமாவது படம் அனுப்புவதாகச் சொல்லியிருந்தால், அது அமானிதம். சாய்ந்தமருதுக் காக்காவின் படம் பெரிய அளவில் இரண்டு பிரதிகளாகப் போய்ச் சேர்ந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் வேறொரு பாதையில் சந்திப்போம்.