எண்ணாமல் விட்ட கடல்

மலாக்கா மாநிலத் தமிழர்களாகிய நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் குடியிருந்தும் கடற்பறவைகளுக்காக நாம் ஒரு துரும்பைக்கூட நகர்த்தவில்லை. மெர்லிமாவிலிருந்து கரை கூப்பிடு தூரம். ஜாசினிலிருந்தும் அலோர் காஜாவிலிருந்தும் காரில் ஏறினால் அரை மணி நேரத்தில் அலைச்சத்தம் கேட்கும். இறந்தவர்களின் அஸ்தியைக் கரைக்கப் போகிறோம், பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் குளிக்க அழைத்துப் போகிறோம், நம் முஸ்லிம் சகோதரர்கள் அஞ்சோங் பத்துவில் படகேறி புலாவ் பெசாரில் உள்ள சமாதிகளுக்குப் போகிறார்கள். அப்போதெல்லாம் தலைக்கு மேலே பறப்பது எது, எத்தனை, போன வருடம் இதே மாதம் எத்தனை இருந்தன என்று நாம் பார்த்ததும் இல்லை, எழுதி வைத்ததும் இல்லை.

நமக்கு எண்ணத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. டான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். அதன்பின் இந்த மாநிலத்தின் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த நம் முன்னோர் காலம் முழுக்க எண்ணியே பிழைத்தார்கள். ஒரு நிரைக்கு எத்தனை மரம், வாளியில் எத்தனை ராத்தல் பால், லாரியில் எத்தனை குலை என்று எல்லாவற்றுக்கும் கணக்கு இருந்தது. செம்பனை வந்தபிறகு எலியைப் பிடிக்க ஆந்தைக் கூண்டு வைத்தார்கள். எந்தக் கூண்டில் முட்டை, எதில் குஞ்சு, எது காலி என்று ஏணி வைத்து ஏறிப் பார்த்துச் சொன்னதும் நம் ஆட்கள்தான். அலுவலகம் கேட்டபோது பறவையையும் எண்ணிக் கொடுத்திருக்கிறோம். யாரும் கேட்காத இடத்தில்தான் நிறுத்திக்கொண்டோம்.

எண்ணுவதால் என்ன ஆகிவிடப்போகிறது என்று கேட்பவர்களுக்காகவே சீனக் கொண்டை ஆலாவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆலா என்பது கடற்காகத்தைவிட மெலிந்த, கூரிய சிறகும் பிளந்த வாலும் கொண்ட, மீனைக் கண்டதும் செங்குத்தாகத் தண்ணீரில் பாயும் பறவை. அவற்றில் சீனக் கொண்டை ஆலா மிக அரியது. 1861இல் இந்தோனேசியாவின் ஹல்மஹேராவில் கிடைத்த பறவையை வைத்து அறிவியல் உலகம் அதை அறிந்தது. குளிர்காலத்தில் அது வந்த இடங்களின் பழைய பட்டியலில் நம் நாட்டின் சரவாக்கும் உண்டு. 1937இல் சீனாவின் சாண்டோங் கரையில் 21 பறவைகளைச் சேகரித்தார்கள். அதன்பின் அது கூடு கட்டும் இடம் எது என்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. அழிந்தேவிட்டது என்று பலரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

2000இல் தைவானின் மாட்சு தீவுகளில் லியாங் சியே-தே என்ற படப்பிடிப்பாளர் பெரிய கொண்டை ஆலாக் கூட்டத்தைப் படம்பிடித்தார். பிறகு படச்சுருளைப் போட்டுப் பார்க்கும்போது சில பறவைகள் மட்டும் வேறாகத் தெரிந்தன. முதுகு வெளிறியிருந்தது. மற்றவற்றின் அலகு முழுக்க மஞ்சள், இவற்றின் அலகு நுனியில் மட்டும் கறுப்பு. வெயில் தெறிக்கும் பாறையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் அந்தக் கறுப்பு நுனியைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகத்தான் பார்த்தாக வேண்டும். அப்படிப் பார்த்ததில் நான்கு ஜோடிகளும் நான்கு குஞ்சுகளும் தேறின.

2004இல் சீனாவின் ஜெஜியாங் மாநிலத்து ஜியுஷான் தீவுகளில் இன்னொரு கூட்டம் தென்பட்டது. அந்த ஆண்டு சூறாவளி முட்டைகளை அடித்துக்கொண்டு போனது. 2007இல் பறவைகள் மீண்டும் முட்டையிட்டன, முட்டை பொறுக்க வந்தவர்கள் அள்ளிப் போய்விட்டார்கள். கடைசியில் 2013இல் அங்குள்ள தியேடுன் என்ற சின்னத் தீவில் 300 பொம்மை ஆலாக்களை நிறுத்தி, ஒலிபெருக்கியில் ஆலாக்களின் குரலை ஓடவிட்டார்கள். ஆலா கூட்டமாக முட்டையிடும் பறவை. கூட்டம் இருப்பதாக நம்பினால்தான் இறங்கும். பெரிய கொண்டை ஆலாக்கள் ஆயிரக்கணக்கில் இறங்கின, அவற்றோடு 19 சீனக் கொண்டை ஆலாக்களும் வந்தன. பறவை பார்ப்பவர்கள் முட்டையிடும் காலம் முழுக்கத் தீவிலேயே தங்கிக் காவல் இருந்தார்கள். 2016இல் தென்கொரியாவிலும் ஒரு கூடு கண்டுபிடிக்கப்பட்டது. ஐம்பதுக்கும் குறைவு என்று அஞ்சப்பட்ட பறவை இன்று நூறைத் தாண்டிவிட்டது.

அது நம் கடலில் இல்லையே என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. அலாஸ்காவிலும் ரஷ்யாவின் கிழக்குக் கரையிலும் முட்டையிடும் அலூசியன் ஆலா குளிர்காலத்தில் எங்கே போகிறது என்பது 1990கள்வரை புதிராகவே இருந்தது. பிறகுதான் தெரிந்தது, நமக்குத் தெற்கே சிங்கப்பூர் நீரிணையிலும் அதை ஒட்டிய இந்தோனேசியக் கடலிலும் மிதக்கும் கட்டையிலும் குப்பையிலும் அது உட்கார்ந்திருக்கிறது என்று. அலாஸ்காவில் கணக்கிலுள்ள அதன் கூட்டங்கள் 1960க்குப் பிறகு பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைந்துவிட்டன. நம் வீட்டு வாசலுக்கு வந்துபோகும் விருந்தாளி அது. இதைக் கண்டுபிடித்தவர்கள் படகேறிப் போய் எண்ணியவர்கள். நாமும் படகேறினோம், தூண்டில் போட.

அந்தத் தூண்டிலைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். கரும்பிடரி ஆலா நம் நாட்டுக் கரையோரப் பாறைத் தீவுகளில் முட்டையிடும் பறவை. உடல் தூய வெள்ளை. கண்ணிலிருந்து பிடரிவரை மையிட்டது போல ஒரு கறுப்புப் பட்டை. கூடு என்று எதுவும் கிடையாது. பாறைப் பள்ளத்தில் ஒன்றோ இரண்டோ முட்டை, அவ்வளவுதான். நண்பகலில் அது முட்டையின் மேல் உட்காருவது சூடு கொடுக்க அல்ல, வெயிலை மறைக்க. வாரக்கடைசியில் சம்பானை வாடகைக்கு எடுத்து, இப்படிப்பட்ட பாறையில் இறங்கி, பசியாறி, பாட்டுப் போட்டு மாலைவரை மீன் பிடிக்கிறோம். பறவை தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றும். அது எதற்காகக் கத்துகிறது என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை. சில நிமிடங்களிலேயே முட்டை வெந்துவிடும். வேகாவிட்டால் காகம் கொத்திவிடும்.

காகத்துக்கு வந்தால் நம் பங்கு இன்னும் பெரிது. இந்த வீட்டுக் காகம் மலாயாவின் பறவையே அல்ல. 1890களில் காப்பித் தோட்டங்களில் புழுவைத் தின்பதற்காக இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது. காப்பி போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய் செம்பனை வந்தது, காகம் மட்டும் பெருகிக்கொண்டே இருக்கிறது. அதைக் கொண்டுவந்தவர்கள் நாம் அல்ல. ஆனால் கிளேபாங்கிலும் தஞ்சோங் பிடாராவிலும் குடும்பத்தோடு சாப்பிட்டு எழும்போது மிச்சச் சோற்றையும் கோழி எலும்பையும் பொட்டலத்தோடு மணலில் விட்டு வருவது நாம். ஈமச்சடங்கு முடிந்து படையல் சோற்றைக் கரையில் அப்படியே போட்டுவிட்டு, பின்னால் திரும்பிப் பார்க்காமல் வருவதும் நாம்தான். காகத்துக்குப் பிடிச்சோறு வைப்பது நம் மரபு. அதை வீட்டு வாசலில் செய்யலாம். கரையில் கொட்டும் கூடைக்கணக்கான சோறு காகக் கூட்டத்தைக் கடலோரத்திலேயே குடியமர்த்துகிறது. சோறு கிடைக்காத நாளில் அது முட்டையைத் தேடிப் போகிறது.

விடியுமுன் பெரட்டுக்கு நின்ற சனத்துக்குப் பறவை பார்க்க நேரம் ஏது என்று கேட்கலாம். நம் பாட்டன் பாட்டிக்கு அது முழு நியாயம். நமக்குப் பொருந்தாது. தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்கு வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. எல்லார் கையிலும் கேமராவோடு கூடிய கைப்பேசி இருக்கிறது. இது வெள்ளைக்காரத் துரையின் பொழுதுபோக்கு என்ற பழைய சாக்கும் செல்லாது. 1999இல் மேற்கு மலேசியா, சிங்கப்பூர்ப் பறவைகளுக்கான கையேட்டை ஆலன் பியர்சனுடன் சேர்ந்து கொண்டுவந்தவர் ஆலன் ஜெயராஜசிங்கம். நாடெங்கும் பறவை பார்ப்பவர்கள் புரட்டும் அந்த நூலின் அட்டையில் இப்படி ஒரு பெயர் இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது.

மலாக்காவுக்குச் சொந்தமான தஞ்சோங் துவான் 1971இலிருந்து வனவிலங்குக் காப்பகம். சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து வடக்கே திரும்பும் வல்லூறுகளையும் தேன்பருந்துகளையும் 2000இலிருந்து மலேசிய இயற்கைச் சங்கம் ஒவ்வொரு மார்ச்சிலும் அங்கே எண்ணுகிறது. நாமோ அதே பாதையில் போர்ட்டிக்சன் கடலுக்குக் குளிக்கப் போய், கலங்கரை விளக்கத்தின் கீழே படமெடுத்துக்கொண்டு திரும்பினோம்.

இனியாவது சிலவற்றைச் செய்வோம். ஏப்ரல் முதல் ஆகஸ்டுவரை ஆலா கத்தும் பாறையில் காலை வைக்காதீர்கள், படகைத் தள்ளி நிறுத்தியே தூண்டில் போடுங்கள். கரைக்குக் கொண்டுபோன சோற்றின் மிச்சத்தைப் பையில் கட்டி வீட்டுக்கு எடுத்து வாருங்கள். ஆசிரியர்களே, ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசியா முழுக்க நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. உங்கள் தமிழ்ப்பள்ளி அறிவியல் கழகத்தின் பத்து மாணவர்களையாவது அந்த மாதம் கரைக்கு அழைத்துப் போங்கள். ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, தேதி, இடம், பறவை, எத்தனை என்று நான்கு கோடு போடச் சொல்லுங்கள்.