லாக்ஸ் மீனின் தசைக்குள்ளே



லாக்ஸ் மீன் நமக்கு இங்கு வந்துதான் பழக்கம். ஒரு ஆற்று லாக்ஸையும் இன்னொரு ஆற்று லாக்ஸையும் பக்கத்தில் வைத்தால் நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் தசைக்குள்ளே வித்தியாசம் இருக்கிறது.

உடம்புக்குள் நடக்கும் வேலைகளை ஓட்டுபவை நொதியங்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். லாக்ஸின் தசையில் உள்ள 'மலிக் நொதியம்' இரண்டு வடிவங்களில் வருகிறது. தாய் வழியாக ஒன்று, தகப்பன் வழியாக ஒன்று. ஆகவே சில மீனில் ஒரே வடிவம், சிலதில் இரண்டும்.

இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? உருளைக்கிழங்கு மாவைக் காய்ச்சிக் களிபோல ஆறவிட்டு, அரைத்த தசையின் சாற்றை அதில் வைத்து மின்சாரம் பாய்ச்சுவார்கள். ஒரு வடிவம் கூடத் தூரம் ஓடும், மற்றது பின்தங்கும். சாயம் ஊற்றினால் கோடுகளாகத் தெரியும். இந்த மா முறையை 1955 இல் ரொறன்ரோவில் வெளியிட்டவர் ஒலிவர் ஸ்மிதீஸ். தகப்பனின் சட்டைக்குத் தாய் கஞ்சி போட்டது ஞாபகம் வந்துதான் யோசனை பிறந்ததாம். நம் அம்மாமாரும் கஞ்சி போட்டவர்கள்தான்!

1989 இல் வெஸ்பூர், ஜோர்டான் என்ற இருவர் பல ஆறுகளின் லாக்ஸைப் பற்றி எழுதினார்கள். கோடையில் நீர் சூடேறும் ஆறுகளில் ஒரு வடிவம் கூட, குளிர்ந்த ஆறுகளில் மற்றது கூட. அத்திலாந்திக்கின் இரு கரையிலும் இதே கதை.

டென்மார்க்குக்கும் இதில் பாடம் உண்டு. மேற்கு யூலாண்டில் ஓடும் ஸ்கியேர்ன் ஆற்றை 1960களில் பயிர் நிலத்துக்காக நேராக வெட்டினார்கள். லாக்ஸ் அருகிப்போனது. பிறகு ஸ்கொட்லாந்து, அயர்லாந்து, சுவீடன் குஞ்சுகளை யூலாண்ட் ஆறுகளில் விட்டார்கள். 1990களில் பழைய செதில்களின் மரபணுவோடு ஒப்பிட்டபோது, ஸ்கியேர்னின் சொந்த இனம் அழியவில்லை என்று தெரிந்தது. 1999 முதல் 2002 வரை ஆற்றைத் திரும்பவும் வளைந்து ஓட விட்டார்கள்.

"மீன்கூடத் தன் ஆற்றில்தான் இருக்க வேணும்" என்று வேலைத்தளத்தில் யாராவது நம்மைக் குத்திச் சொன்னால், பள்ளியில் பிள்ளைகளிடம் சொன்னால், வாய் மூடி இருக்க வேண்டாம். பெரும்பாலான ஆறுகளில் இரண்டு வடிவமும் சேர்ந்தே இருக்கின்றன, விகிதம்தான் வேறு. அந்த விகிதம் மாறப் பல தலைமுறை பிறந்து சாக வேண்டும், ஏனென்றால் மீனுக்குத் தடித்த ஜக்கெற்றும் இல்லை, ஹீற்றரும் இல்லை. நாம் வந்த முதல் மாரியிலேயே இரண்டையும் தேடிக்கொண்டோம்.

அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து யூலாண்டில் உள்ள உறவினரிடம் போகிறவர்கள், பிள்ளைகளோடு அந்த ஆற்றங்கரையில் ஒருநாள் நடந்து பாருங்கள்.