திட்டலாம்... ஆனா எதை?

போன செமஸ்டர்ல நான் ஒரு மீம் போட்டேன். சட்டமன்றத்தில் பேசும்போது திக்கித் திணறிய ஒரு அமைச்சரின் வீடியோவை வெட்டி, கீழே வடிவேலு டெம்ப்ளேட். ஹாஸ்டல் குரூப்பே விழுந்து விழுந்து சிரிச்சது. அன்னிக்கு ராத்திரி மெஸ்ஸில் பக்கத்து ரூம் நண்பன் ஒருவன் தட்டை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்தான். அவனுக்குத் திக்குவாய். வைவாவில் ஒரு பதில் சொல்வதற்குள் அவன் படும் பாடு எங்கள் எல்லோருக்கும் தெரியும். அமைச்சர் அந்த மீமைப் பார்த்திருக்கவே மாட்டார். பார்த்தவன் இவன்தான்.

அப்போ, அதிகாரத்தில் இருப்பவர்களை அவமதிக்கவே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன்.

1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு ஜோக் எம்.எல்.ஏ.க்களையும் அமைச்சர்களையும் கிண்டலடித்தது. உரிமை மீறல் என்று சொல்லி, ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே விடுதலை செய்ய வேண்டியதாயிற்று. அந்த ஜோக்கைவிட, கொடுத்த தண்டனைதான் சட்டமன்றத்துக்குக் கெட்ட பெயர். 2012-ல் பால் தாக்கரே மறைவையொட்டி நடந்த பந்த் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதியதற்காக மகாராஷ்டிராவின் பால்கரில் ஒரு பெண் கைதானார். அதற்கு லைக் போட்ட தோழியும் கைதானார்! அந்த வழக்கில் பயன்பட்ட 66ஏ பிரிவை 2015-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. எது அவமதிப்பு என்று முடிவு பண்ணும் வேலையை அதிகாரத்திடமே கொடுத்தால், கேள்வி கேட்பதே அவமதிப்பு ஆகிவிடும்.

ஆனா சட்டம் தடுக்காததெல்லாம் சரி ஆகிடாதுங்க. நான் இப்போ ஒன்றே ஒன்றுதான் பார்க்கிறேன்: எறியுற கல் யார் மேல விழுது? லஞ்சம், பொய், காற்றில் விட்ட வாக்குறுதி... இதை எவ்வளவு காரமாகக் கிண்டலடித்தாலும் அது அவர் மேல் மட்டும்தான் விழும். நிறம், உயரம், சாதி, பெண் என்பது, பேச்சுக் குறை... இதைத் தொட்டால் அவருக்கு ஒன்றும் ஆகாது. அவரைச் சுற்றிப் போலீஸ் இருக்கு, கட்சி இருக்கு. அதே நிறத்தோடு, அதே குறையோடு நம்ம கிளாஸில் உட்கார்ந்திருப்பவருக்கு யார் இருக்கா?

"வலிக்கிற மாதிரி சொன்னாதானே உறைக்கும்?" என்று கேட்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். அப்புறம் அந்த வீடியோவை முழுசாகப் பார்த்தேன். கேட்ட கேள்விக்கு அமைச்சர் கடைசி வரை பதிலே சொல்லவில்லை. மீமில் வந்திருக்க வேண்டியது அதுதான். அவர் திக்கியதைப் பார்த்துச் சிரித்ததில், அவர் நழுவியதை நாங்க யாருமே கவனிக்கல. ஒரு வகையில் அவரைக் காப்பாற்றியதே நான்தான்.

நண்பனிடம் மன்னிப்பு கேட்டேன். "விடுடா" என்றான். ஆனா அதைச் சொல்லவும் அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு.

திட்டுங்க, தாராளமாத் திட்டுங்க. போஸ்ட் பண்றதுக்கு முன்னாடி, உங்க குரூப்ல யார் யார் இருக்காங்கன்னு மட்டும் ஒரு தடவை பார்த்துடுங்க.