கிடார் மெட்டையும் பாடும் கூட்டம்

2007 மார்ச் 17 அன்று பெங்களூரு அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் இந்தியாவில் முதல்முறையாக மேடையேறியது. பிரிட்டனின் அந்த மெட்டல் குழுவைப் பல வருடம் கேசட்டில் தனியாகக் கேட்டே வளர்ந்தவர்கள் நம் ரசிகர்கள். பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவருக்கும் அதே பாட்டு மனப்பாடம் என்று தெரியவரும் நொடி இருக்கிறதே, அதற்காகவே எத்தனை தூரமும் ரயிலேறலாம். 1992இல் வந்த 'ஃபியர் ஆஃப் தி டார்க்' பாடலில் சொற்களை மட்டுமல்ல, கிடார் மெட்டையும் கூட்டமே வாய்விட்டுப் பாடும். குழுவைச் சேர்ந்த ஸ்டீவ் ஹாரிஸின் பேஸ் கிடார் நெஞ்சுக்கூட்டில் அதிரும். எந்த ஹெட்போனும் அதைத் தராது. இன்றோ மேடைக்கு முன்னால் கைபேசிகள்தான் உயர்கின்றன. ஒரு பாட்டைப் படம்பிடியுங்கள், போதும். பிறகு கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, தொண்டை கட்டும்வரை பாடுங்கள்.